எண்ணெய்த் துளை

அன்று காலை ஒன்பது மணிக்கு நடுவட்டத்தில் என் ஷெட்டில் இருந்தவர்கள்:

தினகரன், மெக்கானிக். அது நான்.

வசந்தகுமார், வண்டியின் சொந்தக்காரர். டீ ஃபாக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அங்கே நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில் எனக்கும் அவர்தான் சூப்பர்வைசர்.

மகாலட்சுமி, அதே ஃபாக்டரியில் எங்களோடு வேலை பார்த்தவர். வலது கை முழங்கையோடு போய்விட்டது.

ஷைனா, எதிரே டீக்கடை வைத்திருக்கும் மலையாளி. டீ கொண்டுவந்தவர்.

வேறு யாரும் இல்லை. ஷைனா டீயில் சர்க்கரையை அள்ளிப் போடுவார். குறைக்கச் சொன்னால் அன்றைக்கு மட்டும் குறைப்பார். மறுநாள் பழையபடிதான். அன்றும் பழையபடிதான் இருந்தது. குடித்தோம்.

மேடம், பத்து நாளாக ஸ்டேஷனுக்கு வந்து போகிறேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் தெரியாது என்றே சொன்னேன். நேற்று மாலை, வண்டியைப் பிரித்துப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். என்னைச் சிக்கவைப்பதற்காக வாசிக்கவில்லை. விட்டுவிடப் போகிறீர்கள் என்பதால் வாசித்தீர்கள். "அனுபவமற்ற வேலை. பேஸ்ட் பூசும்போது ஏற்பட்ட கவனக்குறைவால் எண்ணெய்த் துளை அடைபட்டுள்ளது." கவனக்குறைவு என்றால் சின்ன கேஸ், ஜாமீன் கிடைத்துவிடும், கவலைப்படாதே என்றீர்கள். நான் தாள் கேட்டேன்.

அந்த அறிக்கை தப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வண்டி எழுபதுகளில் வந்த டூ-ஸ்ட்ரோக். இப்போது வரும் வண்டிகளில் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தனியாக இருக்கும், பம்ப் அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். அந்த வண்டியில் அது கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கலவை எரியப் போகும் வழியில், கிராங்க் சுற்றுகிற அறைக்குள் பனிபோலப் படரும். பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டுதான் கிராங்க். அதன் இரண்டு முனைகளையும் பேரிங் தாங்குகிறது. ஒவ்வொரு பேரிங்குக்கும் மேலே ஒரு துளை. தீக்குச்சி நுழையும், அவ்வளவுதான். பனியிலுள்ள எண்ணெய் அதன் வழியாக இறங்கிப் பேரிங்கை நனைக்கும். எல்லாம் சொட்டுக் கணக்கு. அந்தச் சொட்டு நின்றால் பேரிங் சூடேறும், நீலமாகும், பிறகு இறுகும். பேரிங் இறுகினால் இன்ஜின் இறுகும். கியரில் இருக்கும் வண்டியில் இன்ஜின் இறுகினால் பின்சக்கரமும் நின்றுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் எண்ணெயும் வராது. மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக் கியரில் விட்டால், இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் வறண்டு சுற்றும். அதனால்தான் இந்த மலையில் டூ-ஸ்ட்ரோக் ஓட்டிய பழைய ஆட்கள் இறக்கத்தில் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவார்கள். இல்லையென்றால் கிளட்சைப் பிடித்துக்கொள்வார்கள். கீழ்நாட்டிலிருந்து வாடகை வண்டியில் வருகிறவர்களுக்கு இது தெரியாது. ரோட்டோரப் போர்டிலும் இது இருக்காது. 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்றுதான் போர்டு சொல்லும். காருக்கு அது சரி.

வசந்தகுமார் மூன்று மாதம் முன்பு வண்டியை ஒரு பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார். பெட்ரோல் டேங்க்குக்குள் பல்லி செத்துக் கிடந்தது.

"கலியாணம் ஆன புதுசுல ஊட்டுக்காரிய வெச்சு ஓட்டுனதுங் தம்பி. எப்படியாவது உசுரு குடுத்துருங்க" என்றார்.

கொடுத்தேன். கிராங்கைப் பிரித்து, அதைப் பிஸ்டனோடு இணைக்கிற ராடை மாற்றினேன். பேரிங் இரண்டும் புதிது. துளைகளைச் சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தி, காற்றடித்து, எண்ணெய் விட்டுப் பார்த்துத்தான் இன்ஜின் கேஸை மூடினேன். ஆணி அடித்ததுபோல ஒரே சீராக ஓடியது. நான் செய்த வேலைகளில் நல்ல வேலை அது. ஆய்வாளர் அந்தக் கிராங்கை அளந்து பார்த்திருந்தால் என்னைக் கற்றுக்குட்டி என்று எழுதியிருக்கமாட்டார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம் வசந்தகுமார் வந்தார். கையில் ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம். வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினேன். பார்த்தார், ஆனால் அவர் கவனம் அதில் இல்லை.

"வர்ற திங்கக்கெழம கூடலூர்ல விசாரணைங் தம்பி. மகாலட்சுமி மறுபடி மனு குடுத்துருக்குது. என்னையும் சாட்சிக்குக் கூப்புட்டுருக்கறாங்க."

எந்த விசாரணை என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நான்கு வருடம் முன்பு, நைட் ஷிப்ட் முடிகிற நேரம், மகாலட்சுமி இலை வெட்டும் இயந்திரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இரண்டு ரோலர்கள், முழுக்கப் பல். கரன்ட் போய்த் திரும்பி வந்ததில் இயந்திரம் தானாக ஓடியது, கை மாட்டிக்கொண்டது. இப்படித்தான் அன்று எழுதப்பட்டது. எழுதியவர் வசந்தகுமார்.

"மேனேஜர் சொன்னாரு, எழுதிப்போட்டேன். பென்சனுக்கு ரெண்டு வருசம் இருந்துச்சு, பயந்துட்டேனுங். அன்னிக்கிக் கரன்ட்டு போகவே இல்லீங் தம்பி" என்றார்.

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அதுகூடப் போவுதுங். அந்த மிசின் ரூமுச் சாவி. நான் போய்ப் பாக்கறப்ப சாவி ஆணியில தொங்குச்சு. அதையும் சொல்லிப்போடலாம்னு இருக்கறேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆருகிட்டயும் இல்லீங். மொதல்ல உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் வந்தேன். நீங்களா வந்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டா நல்லதுங்க. அந்தப் புள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. நாலு நாள் கெடக்குது. யோசிங்க."

திங்கட்கிழமை இதே வண்டியில்தான் கூடலூர் போவதாகச் சொல்லி, வர்க்கியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

சாவிக்குப் பிறகு வருகிறேன். அவர் சொல்லப் போனது பொய் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பாதி மட்டும் தெரிந்தவர் அந்தப் பாதியை எழுந்து நின்று சொன்னால் அது பொய்தான். யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

வெள்ளியும் சனியும் இன்ஜினை மறுபடி பிரித்தேன்.

கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது விளிம்பில் பேஸ்ட் பூசுவோம். அள்ளிப் பூசினால் அது உள்பக்கம் பிதுங்கித் துளையில் இறங்கிவிடும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு இது. நான் அதைச் செய்ததில்லை. அதனால் அது எப்படி இருக்கும் என்று யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. வலது துளையை மட்டும் அடைத்தேன். இரண்டையும் அடைத்தால் வேண்டுமென்றே செய்தது தெரியும். விளிம்பில் அங்கங்கே கொஞ்சம் அதிகம் பூசி, துடைக்காமல் விட்டேன். விரல் ரேகைகூட இருக்கட்டும் என்று விட்டேன். ஆய்வாளர் அதையெல்லாம் பார்த்துத்தான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். அந்தக் கவனக்குறைவுக்கு எனக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது.

புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு லிட்டருக்கு ஐம்பது மில்லி எண்ணெய் கலப்பேன். பதினைந்து கலந்தேன். ஷெட்டிலிருந்து கூடலூர் வரை இறக்கம். ஆறாவது கிலோமீட்டரில் இறுகும் என்று கணக்கிட்டேன். எட்டாவதில் இறுகியது. அந்த இரண்டு கிலோமீட்டர் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வசந்தகுமார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து டேங்க்கைத் தடவினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"யோசிச்சீங்களா தம்பி?"

"யோசிச்சேங்க. நீங்க முன்னால போங்க. ஷெட்டச் சாத்திட்டுப் பின்னாலயே வர்றேன். நானே சொல்லிர்றேன்."

என் தோளைப் பிடித்து இரண்டு முறை அழுத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் முழுவதும் எழுதுகிறேன் என்று சொல்லித்தான் தாள் வாங்கினேன்.

அப்போதுதான் மகாலட்சுமி வந்தார். அவர் பஸ்ஸில் போவதாகத்தான் ஏற்பாடு. பின்னாலேயே டீயோடு ஷைனா வந்தார்.

"பஸ்ஸு இனி எப்போ வரும்னு அறியில்ல மகா. பைக்காராவில நின்னு போயி. கண்டக்டர் இப்போ விளிச்சுச் சொன்னாரு."

"பதினோரு மணிக்கு அங்க இருக்கணும் ஷைனாக்கா."

"அதுக்கென்ன, ஏறிக்கம்மா. பின்னால எடம் சும்மாதான கெடக்குது" என்றார் வசந்தகுமார்.

"நல்லா இருக்கே சார். ஒத்தக் கையில நான் எதப் புடிக்கிறது? வளைவுல என்னைய உதுத்துட்டு நீங்க மட்டும் போய் சாட்சி சொல்லுவீங்க."

ஷைனா சிரித்தார். "நம்ம தினகரேட்டன் இல்லே? ஒரு கம்பி வச்சுத் தருவாரு."

சேலை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால் வலது கை ஓட்டுகிறவரின் தோளுக்கும் இடது கை சீட்டின் பின்பக்கத்துக்கும் எட்டும். மகாலட்சுமிக்கு இடது கைதான் இருந்தது. அந்த வண்டியில் பின்னால் பிடிக்க எதுவும் இல்லை. என்னிடம் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பிடிகம்பி கிடந்தது. இரண்டு நட். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். வண்டி இன்னும் தயாராகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரும் ஒரு ஜீப் பிடித்துப் போயிருப்பார்கள்.

நான் குனிந்து நட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மகாலட்சுமி பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நெல்லியாளத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயம் அவருடையது. சின்ன வயதிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"ஒத்தக் கைக்காரிக்குன்னு கம்பி போட்ட மெக்கானிக்கு இந்த மலையிலேயே நீங்க ஒருத்தருதாண்ணே. போர்டுல எழுதி வைங்க."

நான் சிரித்தேன்.

"எனக்கு அவங்க குடுக்கற எதுவும் வேணாம்ணே. யாரு சுச்சப் போட்டாங்கன்னு தெரிஞ்சாப் போதும். அது தெரியாமத்தான் நாலு வருசமா தூங்க முடியல." இன்னொன்றும் சொன்னார்: "அன்னிக்கி உங்களத்தான் கூப்புட்டேன், தெரியுமா? அதுக்கு முந்தியே நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்கன்னு ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க. நீங்க மட்டும் இருந்திருந்தா என்னைய அப்பவே எடுத்திருப்பீங்க."

நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டேன், ஆட்டத்தில் தளராமல் இருக்க. கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கடைசிவரை அது தளரவில்லை மேடம். வண்டி கீழே தேயிலைக்குள் கிடந்தபோதும் கம்பி நேராகத்தான் இருந்தது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் ஹெல்மெட்டையும் கொடுத்தேன். அதன் கிளிப்பை ஒரு கையால் மாட்ட முடியாது. நானே மாட்டிவிட்டேன்.

வசந்தகுமார் கிக்கரை உதைத்தார். முதல் உதையில் பிடித்தது. குழந்தை மாதிரி சிரித்தார். கிளம்பும் முன்பு கேட்டார்.

"எறக்கத்துல முன்னெல்லாம் அப்பப்ப ஒரு முறுக்கு முறுக்குவமுங்களே தம்பி?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. நாற்பது வருடம் கழித்தும் கை மறக்கவில்லை.

"அது அந்தக் காலத்து எண்ணெய்க்குங்க. இப்ப வர்றது வேற. புது செட்டு, முறுக்காதீங்க. கிளட்சும் புடிக்காதீங்க. போர்டுல போட்டிருக்கற மாதிரி ரெண்டாவது கியர்ல விட்டுருங்க, அது பாட்டுக்கு எறங்கும்."

"மெக்கானிக்கு சொன்னாச் செரி" என்றார்.

இதை ஷைனாவும் கேட்டார். நான் பத்திரமாகப் போகச் சொன்னதாகத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு மீதி டீயில் வர்க்கியைத் தோய்த்துச் சாப்பிட்டேன். நான்கு நாளில் நமத்துப் போயிருந்தது. சத்தம் கீழ் வளைவு வரை கேட்டது. சீரான சத்தம். கொஞ்ச நேரத்தில் கூடலூர்ப் பக்கமிருந்து வந்த லாரிக்காரர் ஷைனா கடையில் நிறுத்திச் சொன்னார். வளைவில் பின்சக்கரம் சுற்றாமல் இழுத்துக்கொண்டு போன கறுப்புக் கோடு ரோட்டில் இருக்கிறது என்றார். வசந்தகுமார் அங்கேயே இறந்திருந்தார்.

மகாலட்சுமி நான்கு நாள் இருந்தார். ஹெல்மெட் இருந்ததால்தான் அந்த நான்கு நாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் உங்களுக்குக் கொடுத்த வாக்குமூலத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "தினகரன் அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவருதான் கம்பி வச்சுக் குடுத்தாரு." அதை வாசித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று நான் தாள் கேட்கவில்லை. நேற்று அந்த அறிக்கையைக் கேட்ட பிறகுதான் தாள் கேட்டேன்.

இனி சாவி.

ஷிப்ட் ஆறு மணிக்கு முடியும். ஐந்தே முக்காலுக்கு இயந்திரத்தை நிறுத்துவோம். ரோலர் பற்களில் அப்பிய இலையைச் சுரண்ட வேண்டும். ஒரு பக்கம் சுரண்டி முடித்ததும் ரோலர் கொஞ்சம் திரும்பினால்தான் அடுத்த பக்கம் எட்டும். கையால் திருப்பினால் அரை மணி நேரம் ஆகும். அதனால் ஆபரேட்டர் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி உடனே அணைப்பார். விதியில் இது கிடையாது, எல்லா ஷிப்ட்டிலும் நடப்பதுதான். சுவிட்ச் போர்டு சுவருக்கு இந்தப் பக்கம், இயந்திரம் அந்தப் பக்கம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "கை எடுத்தாச்சா" என்று ஆபரேட்டர் கேட்க வேண்டும். "எடுத்தாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் தட்ட வேண்டும்.

அன்று ஆபரேட்டர் நான். கேட்டேன் என்றுதான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டினேன். அணைத்தேன். ரோலர் அரைச் சுற்று சுற்றியிருக்கும். சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அவருக்கு முதுகு என் பக்கம் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. ரோலரைப் பின்னுக்குத் திருப்ப ஒரு நீளக் கம்பி அங்கேயே சாய்த்து வைத்திருக்கும். இரண்டு நிமிடத்தில் கையை வெளியே எடுத்துவிடலாம். அது ஆபரேட்டரின் வேலை. எனக்கு அதைச் செய்யத் தெரியும். வசந்தகுமார் ஆறரைக்கு வந்து கதவைத் திறந்து அதைத்தான் செய்தார். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அவரிடம் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

நான் பயப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயந்தவன் ஓடியிருப்பான். நான் நடந்துதான் போனேன். மணி ஆறாகியிருந்தது, கேட்டிலிருந்த ரிஜிஸ்டரில் ஐந்து நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், கை நடுங்கவில்லை. எழுத்தை இப்போதும் பார்க்கலாம். ஷிப்ட் முடிந்தால் ஆபரேட்டர் விளக்கை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஃபாக்டரி விதி அது. நான் விதிப்படி நடந்தேன். வசந்தகுமார் கூடலூரில் போய் இதைத் தப்பாகச் சொல்லியிருப்பார்.

விளக்கை அணைத்தபோது முதல் முறை கூப்பிட்டார். "தினகரண்ணே" என்று. வெளியே வந்து கதவைச் சாத்தும்போது இரண்டாவது முறை. அந்தப் பூட்டுக்குச் சாவியை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்றும் சுற்றினேன்.